பஸ்ஸை வீடாக்கலாம், விலாசத்தை விட்டுவிடாதீர்கள்

சட்டத்தரணியான எனக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கங்களில் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் மந்திர வித்தைக்காரர். பொம்மையை மடியில் வைத்துக் குரல் மாற்றிப் பேசுபவர். வாசகி நடன ஆசிரியை. பாவைகளைத் தானே செய்து பொம்மலாட்டமும் நடத்துகிறார். 13 வயது மகள் வயலின் வாசிக்கிறாள். 8 வயது மகன் கஞ்சிரா தட்டுவான், மரக்காலில் ஏறி நடப்பான். கோயில் திருவிழா, பாடசாலை விழா, பிறந்தநாள் வீடு என்று நால்வரும் சேர்ந்தே மேடையேறுகிறார்கள். "அவர் ஒரு வருசமா அமெரிக்காவில ஆர்.வி. எண்டு சொல்லுற வண்டியில குடும்பமா ஊர் ஊராப் போய் ஆடிப் பாடிச் சீவிக்கிற ஆக்களின்ர வீடியோவைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனா படுத்தா நித்திரை வருகுதில்லை" என்கிறார்.

திட்டம் இதுதான். டிசம்பரில் வாடகை ஒப்பந்தம் முடியும்போது வீட்டைக் கொடுத்துவிடுவது. திரும்பக் கிடைக்கும் முற்பணத்தோடு வாசகியின் நகைகளையும் அடகு வைத்து, 29 ஆசனமுள்ள பழைய மிட்சுபிஷி ரோசா பஸ் ஒன்றை வாங்குவது. கணவரின் தமையனுக்குத் தெரிந்தவர் அதை 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பதிவில் பெயர் மாற்றாமல், தருகிறாராம். சீற்றைக் கழற்றிக் கட்டில் போட்டால் சரி, ஒருவருக்கும் அறிவிக்கத் தேவையில்லை என்று கராஜ் பாஸ் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பஸ்ஸிலிருந்தே இணையத்தில் படிப்பார்கள். இதையெல்லாம் கேட்ட மாமியார், "பிள்ளையளை வேலைக்கு விடுறியள் எண்டு 1929க்கு அடிச்சுச் சொல்லுவன்" என்று நிற்கிறார். 1929 என்பது சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசி இலக்கம். இப்படி வாழ்வது சட்டப்படி குற்றமா, பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களா என்பது வாசகியின் கேள்வி.

சகோதரி, குற்றமில்லை. குடும்பமாக ஒரு வாகனத்தில் தங்கி வாழக்கூடாது என்று இலங்கையில் ஒரு சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அப்படி வாழ்பவர்களுக்கென்று எந்த ஏற்பாடும் இங்கே இல்லை. உங்கள் கணவர் பார்க்கும் வீடியோவுக்கும் நமது நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் வருடம் முழுவதும் வண்டியில் வாழ்பவர்கள் பலர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில், தபாலைப் பெற்று அனுப்பிவைக்கும் சேவை ஒன்றின் மூலம் ஒரு விலாசத்தை வைத்துக்கொள்கிறார்கள். வாகனப் பதிவு, வாக்கு, வரி எல்லாம் அந்த விலாசத்தில் ஓடும். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். போகிற இடமெல்லாம் பணம் கட்டித் தங்கும் முகாம்கள் உண்டு. அங்கே மின்சாரத் தூண், தண்ணீர்க் குழாய், கழிவுத் தாங்கியைக் காலிசெய்யும் குழி மூன்றும் இருக்கும். வீடியோவில் பாட்டுத்தான் தெரியும், அந்தக் குழி தெரியாது. இங்கே இவை மூன்றையும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

விலாசம்

வீட்டை விடுவதைப் பற்றி நீங்கள் கடைசிப் பந்தியில் ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயமாகப் படுகிறது. இந்த நாட்டில் ஒருவரை அரசாங்கத்துக்கு அடையாளம் காட்டுபவர் கிராம உத்தியோகத்தர். அவர் தனது பிரிவில் வசிப்பவருக்குத்தான் சான்றிதழ் தருவார். வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி, வங்கிக் கணக்கு, பொலிஸ் அறிக்கை எல்லாவற்றிலும் அந்தத் தாள் எங்கேயாவது வந்து நிற்கும். உங்கள் மகளுக்கு இன்னும் 2 வருடத்தில் 15 ஆகிறது. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் எந்த வீட்டு இலக்கத்தை எழுதப்போகிறீர்கள்? பஸ்ஸின் இலக்கத்தகட்டையா?

உறவினர் வீட்டு விலாசத்தைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அங்கே உண்மையிலேயே ஒரு அறை உங்களுக்கு இருந்து, உடுப்பும் புத்தகமும் அங்கே இருந்து, மாதத்தில் சில நாளாவது அங்கே படுத்தெழும்பினால் போதும். வெறும் பெயருக்கு எழுதுவது ஆபத்து. பாடசாலை அனுமதியில் வசிப்பிடத்தை நேரில் வந்து பார்ப்பார்கள். பொய்யான பத்திரம் கொடுத்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

ஆகவே டிசம்பரில் வீட்டைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வருட நீடிப்புக் கேளுங்கள். முற்பணத்தைக் கழிப்பது, திருப்பித் தருவது எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு செலவையும் தாங்க முடியாவிட்டால் தெஹிவளைப் பக்கம் ஒரு சின்ன அனெக்ஸுக்கு மாறலாம். இரண்டு அறை வீடு ஒரு அறையாகச் சுருங்கினாலும் விலாசம் விலாசந்தான். முதலில் ஒரு பாடசாலை விடுமுறையில், வாடகைக்கு எடுத்த வானில், இரண்டு கிழமை ஓடிப் பாருங்கள். நால்வரும் ஒரே கூரைக்குக் கீழே ஈரத் துவாயோடு பத்து நாள் இருந்தால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

பிள்ளைகளின் படிப்பு

5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16 ஆக்கப்பட்டது. இணையத்தில் படிக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு பிள்ளைகளையும் பாடசாலையிலிருந்து நிற்பாட்டினால், வலயக் கல்வி அலுவலகம் கேட்கும்போது உங்கள் கையில் காட்ட ஒன்றும் இராது. க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்ற வழி உண்டு என்பது உண்மை. அந்த வழி இருப்பதால் அதுவரை பாடசாலையே வேண்டாம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். விடுகைப் பத்திரம் எடுப்பது ஒரு நாள் வேலை. கொழும்பில் ஒரு தேசிய பாடசாலையின் இடைவகுப்புக்குத் திரும்பச் சேர்ப்பது அப்படியல்ல. வெற்றிடம் இருக்க வேண்டும், அமைச்சின் சம்மதம் வேண்டும், அலைய வேண்டும். ஒரு வருடத்தில் பஸ் வாழ்க்கை சரிவராமல் நீங்கள் திரும்பி வந்தால், மகள் சாதாரண தர வகுப்பின் வாசலில் பாடசாலை இல்லாமல் நிற்பாள்.

நான் சொல்லும் வழி, பாடசாலைக் கலண்டரை வைத்துக்கொண்டு பயணத்தைப் போடுவது. தவணை நடக்கும்போது வெள்ளி பின்னேரம் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பக்கூடிய தூரம் மட்டும்: நீர்கொழும்பு, சிலாபம் முன்னேஸ்வரம், களுத்துறை, இரத்தினபுரி, கண்டி, மாத்தளை. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் விடுமுறைக்கு. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். மடுமாதா பெருவிழா ஓகஸ்ட் 15. இவற்றில் எது அந்த வருட விடுமுறைக்குள் விழுகிறது என்று பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், எல்லாவற்றையும் அல்ல. ஆடிவேல் கொழும்பிலேயே நடக்கிறது, அதற்கு பஸ்ஸே வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்காகப் பாடசாலை தவறினால் முன்கூட்டியே வகுப்பாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் பிள்ளைகள், மாமியாரின் 1929

மாமியாரை வில்லியாக எண்ணாதீர்கள். அவருடைய பயத்தில் பாதி சரி.

1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம்தான் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்கள் ஆகியோரை வேலைக்கு அமர்த்துவதை ஒழுங்குபடுத்துகிறது. 2021இல் வந்த திருத்தத்தோடு வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 16. 18க்குக் கீழ்ப்பட்டவரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தவே முடியாது. "அது வேலை இல்லையே, எங்கட பிள்ளையள் விருப்பத்தோடதானே செய்யுதுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். திருவிழாவில் தாய் தகப்பனோடு சேர்ந்து ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் வயலின் வாசிப்பதை யாரும் சிறுவர் தொழில் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் குடும்பத்தின் வருமானமே பிள்ளைகள் மேடையேறுவதில் தங்கி, கிழமைக்கு நான்கு இரவு, பத்து மணி தாண்டி, அடுத்த நாள் பாடசாலையும் இல்லை என்றால், விருப்பம் என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது. பிள்ளை இல்லாவிட்டாலும் நிகழ்ச்சி நடக்கும்படி அதை அமையுங்கள். மகளுக்குப் பரீட்சை என்றால் வயலின் இல்லாமல் ஆட்டம் ஓடவேண்டும்.

மரக்காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து விளைவிக்கும் வித்தைகளில் சிறுவரை இறக்குவதைச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது. பெற்றோரின் சம்மதம் அதற்கு மருந்தல்ல. முழங்கால் உயர மரக்காலில் புல்தரையில் நடப்பது ஒன்று. ஆளுயர மரக்காலில், ஒலிபெருக்கி வயர் ஓடும் சீமெந்துத் தரையில், இரவில் நடப்பது வேறொன்று. மகன் வளரும்வரை உயரத்தைக் குறையுங்கள், அல்லது நிறுத்துங்கள். நெருப்பு, வாள்பெட்டி இரண்டிலும் பிள்ளைகளைச் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்தது தட்டு. ஆட்டம் முடிந்ததும் மகன் சனத்துக்குள் தட்டோடு போவான் என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கொண்டு பிச்சை எடுப்பிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். வீடில்லாமல் அலைபவர்களைப் பற்றி 1841இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த கட்டளைச் சட்டம் வேறு இருக்கிறது. நிலையான விலாசம் இல்லை, வாகனத்தில் படுக்கிறார்கள், பிள்ளை தட்டு ஏந்துகிறது: இந்த மூன்றையும் ஒரே அறிக்கையில் ஒரு உத்தியோகத்தர் எழுதினால், நீங்கள் கலைஞர் என்று விளங்கப்படுத்த ஒரு வழக்குத் தவணை தேவைப்படும். பணத்தைக் கோயில் நிருவாகத்திடமிருந்தோ பாடசாலையிடமிருந்தோ முன்கூட்டிப் பேசி, பற்றுச்சீட்டோடு நீங்கள் வாங்குங்கள்.

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். ஒரு அழைப்பு வந்தவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். விசாரிப்பார்கள், பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது நீதிமன்றம் எடுக்கும் முடிவு. வந்து பார்ப்பவர் கேட்கக்கூடியவை சாதாரணமானவை: பிள்ளை எங்கே படுக்கிறது, பாடசாலை வரவு எப்படி, தடுப்பூசி அட்டை எங்கே, கழிவறை எங்கே. 13 வயதுப் பெண்பிள்ளைக்குக் கதவு பூட்டி உடை மாற்ற ஒரு இடம் இருக்கிறதா என்று நிச்சயம் பார்ப்பார். துணித் திரை போதாது. மடித்து மூடும் பலகைக் கதவு போடுங்கள். மாதவிடாய் நாட்களில் கோயில் வீதியில் வாகனம் நிற்கும்போது அவள் எங்கே போய்க் கழுவுவாள் என்பதை பஸ்ஸின் படம் கீறும் முன்பே தாயும் மகளும் இருந்து கதையுங்கள். ஒரு கொப்பியில் திகதி, ஊர், மேடையேறிய நேரம், இறங்கிய நேரம், படுத்த நேரம் எழுதி வாருங்கள். அந்தக் கொப்பியை மாமியாரிடமே காட்டலாம்.

பஸ்

கராஜ் பாஸ் சொன்னது பிழை. பதிவுப் புத்தகத்தில் 29 ஆசன பஸ் என்று இருக்கும் வாகனத்துக்குள் கட்டிலும் அடுப்பும் இருந்தால் அது பதிவு செய்யப்பட்ட வாகனம் அல்ல. வீதியில் பொலிஸாரிடம் தப்பினாலும் விபத்து நடந்தால் காப்புறுதியிடம் தப்பமாட்டீர்கள். ஒரு ஆணியையும் கழற்ற முன்பு, உள்ளமைப்பை அளவுகளோடு படமாக வரைந்து, நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஆணையாளர் நாயகத்துக்கு விண்ணப்பியுங்கள். எந்த வகுப்பில் பதியலாம், எத்தனை ஆசனம் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். வேலை முடிந்ததும் பரிசோதகர் பார்ப்பார். பெறுமதியான பஸ்ஸை வாங்கிவிட்டு இதைக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கணவரிடம் இருப்பது பி வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ரோசா ஓட்ட முடியாது. பஸ்ஸாகவே பதிவில் இருந்தால், 9 ஆசனத்துக்கு மேல் 33 வரை கொண்டதற்கு டி1 வேண்டும். லொறி வகைக்கு மாற்றினால் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும், சி1 வேண்டும். ஆசனத்தைக் கழற்றினால் பி போதும் என்பது கராஜ்களில் உலாவும் கதை.

எடையைப் பற்றி ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தெரிகிறது. யப்பானில் செய்த பஸ்ஸில் ஒரு ஆளுக்கு 55 கிலோ என்று கணக்குப் போடுவார்கள். 29 பேருக்கு 1,595 கிலோ. கேட்க நிறையத்தான். இப்போது உள்ளே ஏறுவதைக் கூட்டுங்கள்: 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ, பலகைக் கட்டில் அலுமாரி 400 கிலோவுக்குக் குறையாது, நீங்கள் நால்வர், மேடைத் திரை, இரும்புச் சட்டம், ஒலிபெருக்கி, பாவைப் பெட்டிகள், கூரையில் சூரியத் தகடுகள். மொத்தம் தாண்டாவிட்டாலும் பாரம் பின்னால் சேர்ந்துவிடும், ஏனென்றால் எல்லோரும் மேடைச் சாமானைப் பின்கதவுப் பக்கம்தான் அடுக்குவார்கள். ரோசாவின் பின்சில்லுக்குப் பின்னால் நீண்ட வால் இருக்கிறது. அங்கே 500 கிலோ வைத்தால் முன்சில்லு இலேசாகி, மழையில் ஸ்டியரிங் சொல்வழி கேட்காது. தண்ணீர்த் தாங்கியைச் சில்லுகளுக்கு நடுவே, தரைக்குக் கிட்ட வையுங்கள். உள்ளே தடுப்புத் தகடு இருக்கட்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னால் பாய்ந்து தள்ளும். முழுத் தண்ணீரோடும் முழுச் சாமானோடும் லொறி நிறுக்கும் தராசில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள்.

ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருடம். பூ நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியதை மாற்றுங்கள். றம்பொடைப் பக்கமிருந்து இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் அது சூடேறிப் பிடிக்காது. ஓடும்போது பிள்ளைகள் கட்டிலில் படுக்கக்கூடாது. முன்னோக்கிய ஆசனத்தில் பட்டியோடு இருக்க வேண்டும். ஆகவே நான்கு பட்டியுள்ள ஆசனங்களைக் கழற்றாமல் விடுங்கள். மாமியாரும் வருவார் என்றால் ஐந்து.

காஸும் கரண்டும்

இது சட்டத்தரணியின் வேலையில்லை என்று நினைப்பீர்கள். வாகனம் எரிந்தால் காப்புறுதி மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் போல் தேங்கும். கட்டிலுக்குக் கீழே போய் நிற்கும். 2021 கடைசியில் வீடு வீடாக நடந்த காஸ் வெடிப்புகள் உங்களுக்கு நினைவிருக்கும். 12.5 கிலோ சிலிண்டரை பஸ்ஸுக்குள் கொண்டுவராதீர்கள். 5 கிலோ போதும். அதற்கு உட்பக்கம் திறக்காத, வெளிப்பக்கம் மட்டும் கதவுள்ள தகரப் பெட்டி. பெட்டியின் அடித்தட்டில் வெளியே போகும் துவாரம். ஐரோப்பியக் கரவன்களில் பெட்டித் தரையின் நூற்றுக்கு 2 வீதம், குறைந்தது 100 சதுர சென்ரிமீற்றர் என்று வைக்கிறார்கள், அதையே பின்பற்றுங்கள். வாகனம் ஓடும்போது சிலிண்டர் வால்வு பூட்டியிருக்க வேண்டும். கதவோரத்தில் 2 கிலோ உலர்தூள் தீயணைப்பான். அடுப்பைத் தாண்டிப் போய் எடுக்கும்படி வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் ஜெனரேட்டரைப் பின்கதவுக்குள் வைத்து ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. நித்திரையில் இருப்பவர் எழும்பவே மாட்டார். பஸ்ஸிலிருந்து ஆறேழு மீற்றர் தள்ளி, காற்று உங்களை நோக்கி வராத பக்கத்தில் வையுங்கள்.

ஜெனரேட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரு நாள் கணக்கு: 12 வோல்ட் சின்னக் குளிர்பெட்டி 500 வாட்-மணி, இரண்டு விசிறி இரவு முழுக்க 400, விளக்கு 150, போன்களும் மடிக்கணினியும் 200, ஒலிபெருக்கி இரண்டு மணித்தியாலம் 400. மொத்தம் 1,650. 200 ஆம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 2,500 இருக்கும். அதே அளவு பழைய ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். கூரையில் 400 வாட் தகடுகள் இரண்டு இருந்தால் வெயில் நாளில் பற்றரியை நிரப்பும். கொழும்பில் மே மாதத்து மழை தொடங்கினால் மூன்றில் ஒரு பங்குகூடச் சந்தேகம். அந்த நாட்களில் கோயில் அலங்கார லைன் வயரிலிருந்து இழுப்பீர்கள். அது மழையில் நனைந்த, புவித்தொடுப்பு இல்லாத வயராக இருக்கும். பஸ்ஸுக்குள் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் எங்கேயும் இணைக்காதீர்கள். இரும்பு பஸ்ஸில் முதலில் கையை வைப்பது பிள்ளைதான்.

தண்ணீர் சிக்கனமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லீற்றர். 200 லீற்றர் தாங்கி இரண்டரை நாள். கழுவிய தண்ணீரை வீதியில் விடாதீர்கள். மூடியுள்ள தாங்கியில் பிடித்து, கேட்டுவிட்டு ஊற்றுங்கள். தாங்கியின் மூச்சுக் குழாய்க்கு வலை போடுங்கள். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயா உங்கள் வாளியைத் தூக்கிப் பார்ப்பார், பஸ் என்று விடமாட்டார்.

நிற்கும் இடம், பேசும் பணம்

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ரோசாவை நிறுத்துவதை மறந்துவிடுங்கள். முச்சக்கரவண்டியே பின்னுக்கு வந்துதான் திரும்புகிறது. மாத வாடகைக்கு ஒரு வளவு தேடிக்கொள்ளுங்கள். பயணத்தில், அழைத்த கோயிலிடமோ பாடசாலையிடமோ கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் வாங்குங்கள்: இன்ன திகதிகளில் இந்த இலக்க வாகனம் எங்கள் வளவில் நிற்கும், இவர்கள் எங்கள் அழைப்பில் வந்த கலைஞர்கள். இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடியில் ரோச் லைட் தட்டும்போது, நான்கு தமிழர், திரை போட்ட பஸ், நிறையப் பெட்டிகள் என்ற காட்சிக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லும். அடையாள அட்டைகளும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளும் அதோடு இருக்கட்டும். ஹபரணை, திருகோணமலைப் பாதையில் காட்டோரம் நிறுத்திப் படுக்காதீர்கள். உள்ளே அரிசியும் வாழைப்பழமும் இருப்பதை யானை மணத்தில் அறிந்துவிடும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுப்பது அழைத்தவர்களின் பொறுப்பு என்று கடிதத்தில் எழுதுவியுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. உங்கள் ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும்படி வைத்தால் பிள்ளைகளுக்கும் நல்லது. சீட்டு விற்று நடத்தினால் உள்ளூராட்சி மன்றத்துக்குக் களியாட்ட வரி உண்டு. "கோயிலில தாற காசுக்கு என்ன வரி" என்று கேட்டிருக்கிறீர்கள். வருமானம் எங்கிருந்து வந்தாலும் வருமானமே. 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரை விலக்கு இருப்பதால் நீங்கள் இருவரும் தனித்தனியே கணக்கு வைத்தால் பெரும்பாலும் கட்ட வேண்டி வராது. ஆனாலும் இருவரும் டின் எனப்படும் வரி செலுத்துவோர் இலக்கம் எடுத்து, பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நகைகள்

ஓப்பன் பேப்பர் என்றால், பழைய சொந்தக்காரர் கையொப்பமிட்ட, திகதியில்லாத படிவங்களோடு வாகனம் கைமாறுவது. பதிவில் அவர் பெயரே இருக்கும். வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அறிவிக்காவிட்டால், அவருக்குக் கடன் இருந்தால் பஸ்ஸைப் பிடிக்கலாம். அவர் இறந்தால் பிள்ளைகள் உரிமை கேட்கலாம். உள்ளமைப்பை மாற்ற விண்ணப்பிக்க உங்களுக்குத் தகுதியே இராது, ஏனென்றால் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவுச் சொந்தக்காரர். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நீங்கும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்கள் இரண்டும் திகதியோடு நிரப்பிக் கையொப்பமான பிறகே பணம் வங்கிக் கணக்கால் போகவேண்டும், காசாக அல்ல. மைத்துனர் பெயரில் பதிந்தால் அலுப்பில்லை என்று கணவர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடகுக்குப் போவது உங்கள் நகை. அடகுச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும், பஸ்ஸும் உங்கள் பெயரில் பதியப்படட்டும். டி1 எடுத்துக் கணவர் ஓட்டட்டும். இதை அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து, அவர் வீடியோ பார்க்கும் போனுக்குக் கீழே வைத்துவிடுங்கள்.